கருப்பனாருக்கு நேர்ந்த முதல் கிடா

கொரோனாவுக்கு அடுத்த வருடம், தை மாதக் கடைசி. மேச்சேரிச் சந்தையில் ஆடு பிடித்துக்கொண்டு, ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மானாவாரிக் காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் குட்டியானை வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் பின்னால் ஆடுகளோடு நின்றுகொண்டு வந்தார். அவருடைய அண்ணன், என் மச்சாண்டார், மோட்டார் சைக்கிளில் எங்களைத் தொடர்ந்து வந்தார்.

ஓமலூருக்கு முன்னால் ஒரு வளைவில் போர்வெல் லாரி ஒன்று எதிரே ஏறி வந்தது. டிரைவர் வண்டியை இடப்பக்கம் ஒடித்தார். வண்டி ஓரத்துப் பள்ளத்தில் சரிந்து, மூட்டை சாய்வது போல மெதுவாகக் கவிழ்ந்தது. எனக்கு நெற்றியில் சின்ன அடி. கதவைத் தள்ளி வெளியே வந்து பார்த்தால், கறுப்புக் கறுப்பாக ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து கத்துகின்றன. அவரைக் காணோம். அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் தார்ரோட்டில் கிடந்தது.

அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. “கருப்பனாரே, அவரெ எந்திரிக்க வெச்சிரு. எங்க பட்டியில பொறக்கற மொதக் கெடாக்குட்டி உனக்கு” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். டிரைவர் கேட்டார். ஓடிவந்த மச்சாண்டாரும் கேட்டார்.

ஆடுகளை இழுத்து விலக்கியபோது அவர் அடியில் கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆடுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. “மெத்தையாட்டம் மேல வந்து படுத்துக்குச்சுங்க” என்று சிரித்தார். நான் நேர்ந்துகொண்டதைச் சொன்னபோது, “ஒரு குட்டிதானே புள்ள, குடுத்துட்டாப் போச்சு” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் பல வருடம் கணக்கு எழுதியவள். எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், எந்த வேலையும் அதனதன் நாளில் நடக்க வேண்டும் என்பது என் சுபாவம். அன்றாடம் டைரி எழுதாமல் படுத்ததில்லை. அவர் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். மில் மூடியதும், சும்மா கிடந்த பூர்வீகக் காட்டில் ஆட்டுப்பண்ணை வைப்பது என்று முடிவு செய்தோம். கறிக்கு விற்கும் பண்ணை அல்ல. சுத்தமான சேலம் கருப்பு வெள்ளாடும், கம்பளி இல்லாத மேச்சேரிச் செம்மறியும் வளர்த்து, இனப்பெருக்கத்துக்கு ஜோடியாகக் கொடுக்கும் பண்ணை. “அந்த ஊட்டுல வாங்குனா நம்பி வாங்கலாம்” என்று நாலு பேர் சொல்ல வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

நாமக்கல்லில் பயிற்சிக்குப் போய் வந்தேன். அங்கே சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானதைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன். ‘இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிடாவை மாற்றவும். தாயோடும் மகளோடும் சேர விடக் கூடாது.’ நெருங்கிய ரத்தம் கலந்தால் குட்டிகள் நோஞ்சானாகும், ஊனமாகும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

வைகாசியில் எங்கள் ஆடுகளிலேயே உயரமான ஆடு முதலில் ஈன்றது. கிடாக்குட்டி. ஒரு வெள்ளை முடிகூட இல்லாத முழுக்கறுப்பு. நிமிர்ந்த தலை, நீண்ட கால். பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்களே, அந்தப் படம் உயிரோடு வந்து நிற்பது போல இருந்தது. எந்தக் குட்டி நேர்ந்த குட்டியோ அதுவே பட்டியின் முதல் தரமான குட்டியாகவும் இருந்தது. மனசுக்குள் ஒரு கணம் சுருக்கென்றது. ஆனால் சொன்ன வார்த்தை சொன்னதுதான்.

மச்சாண்டார் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாமிக்கு உட்டதுங்க அம்மிணி. அடிக்கக் கூடாது, கட்டிப் போடக் கூடாது, காயடிக்கக் கூடாது. மேலுல ஒரு கொறை ஆகப்படாது. நோம்பிக்கு முழுசாக் கொண்டாந்து நிறுத்தோணும்.”

நான் அதையெல்லாம் அப்படியே செய்தேன். கூடவே ஒன்றும் சேர்த்துச் செய்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூஜை விளக்கைத் துலக்கி வைத்த கையோடு அந்தக் கிடாவையும் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி விடுவேன். சாமி பொருள் அழுக்காக இருக்கக் கூடாதில்லையா. குட்டியாக இருந்தபோது தண்ணீர் பட்டதும் துள்ளும். உடம்பை உலுப்பி என் சேலையெல்லாம் நனைத்துவிடும். பிறகு பழகிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடாமலே வந்து நிற்கும்.

எங்கள் குலதெய்வமான கருப்பனார் கோயிலில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை நோம்பி, அதாவது திருவிழா. அடுத்த சித்திரையில் வர வேண்டியது. பரிவட்டம் முதலில் யாருக்குக் கட்டுவது என்பதில் பங்காளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகி, அதிகாரிகள் வந்து கோயிலைப் பூட்டிவிட்டார்கள். ஒரு தரப்புக்கு மச்சாண்டார்தான் முன்னே நின்றார். “விட்டுக் குடுத்துருங்களேன் மாமா” என்று ஒருமுறை கேட்டேன். “எங்கப்பன் தலையில கட்டுன பரிவட்டமுங்க. எப்படி உடறது?” என்றார். கிடாவும் கொடுத்தே ஆக வேண்டும், கோயிலும் திறக்காது. இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

இதற்குள் கிடா பருவத்துக்கு வந்துவிட்டது. பொலிக்கு, அதாவது இனவிருத்திக்கென்று நாங்கள் வாங்கி வைத்திருந்த கிடாவை முட்டி முன்னங்காலை முறித்தது. இன்னொன்று வாங்கி வந்தோம். அது பயந்து வேலியோரத்திலேயே நின்று இளைத்தது. பெட்டை ஆடுகளைத் தனியாக அடைத்தால் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே போய்விடும். உயரமான அடைப்பு கட்டிக் கிடாவை உள்ளே விடலாம் என்றேன். அதுவும் கட்டிப் போட்டது மாதிரிதான் என்றார் என் கணவர்.

கடைசியில், சில ஆட்டுக்காரர்கள் செய்வது போல, அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு சாக்குத்துணியைக் கட்டிவிட்டேன். மேய்ச்சலுக்குப் போனாலும் ஆடுகளோடு சேர முடியாது. வலியில்லை, ஊனமில்லை. மறுநாளே மச்சாண்டார் வந்துவிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, கருப்பனாருக்குக் கோவணம் கட்டி உட்டுட்டீங்களாமா? ஊரே சிரிக்குது.”

“கருப்பனாருக்கு இல்லீங்க மாமா. ஆட்டுக்கு.”

“ரெண்டும் வேறவேறன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

என் கணவர் போய்க் குனிந்து தன் கையாலேயே அந்தத் துணியை அவிழ்த்தார்.

அவர் பெரிய பக்திமான் இல்லை. மில்லில் யூனியன் பேசிக்கொண்டிருந்தவர். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. மச்சாண்டார் போன பிறகு கேட்டேன், “ஏனுங்க, இந்தக் கெடாவோட வெலைக்கு மேலயே உண்டியல்ல போட்டுருவோம். மன்னிச்சுக்கன்னு கும்புட்டுக்கறேன். வேண்டுனது நாந்தானே? இதெ வெளியூருக்குக் குடுத்துருவோமுங்க. இல்லாட்டி பண்ணை நிக்காது.”

அவர் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அவிழ்த்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“அன்னைக்கு ஆட்டுக்கு அடியில எனக்கு மூச்சு நின்னு போச்சு புள்ள. உங்கிட்டச் சொல்லலை. எல்லாம் இருட்டாயிருச்சு. நீ கருப்பனாரெக் கூப்புட்டது மட்டும் காதுல உழுந்துது. அதுக்கப்புறந்தான் மூச்சு வந்துது.”

நான் பண்ணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் தன் உயிருக்கு ஈடாக அந்தக் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அதன் பக்கத்தில் அவர் நிற்கும் விதத்தையே என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. அது தும்மினால்கூட இவர் முகம் மாறும்.

பிறகு நடந்ததெல்லாம் சுவரில் நான் எழுதி வைத்ததுதான். தாயோடு சேர்ந்தது. பிறகு தனக்குப் பிறந்த பெட்டைகளோடு சேர்ந்தது. முதலில் குட்டிகள் எடை குறைவாகப் பிறந்தன. அடுத்த ஈற்றில் ஒரு குட்டிக்குக் கீழ்த்தாடை குட்டை. காம்பைக் கவ்வ முடியாமல் தாயின் மடியை முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. புட்டியில் பால் ஊற்றினேன். தங்கவில்லை. இன்னொன்று கண் தெரியாமல் பிறந்து, சத்தம் வந்த பக்கமெல்லாம் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, “கிடாவை மாத்துங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?” என்றார். தெரியும். காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? தெரியாமல் நடந்திருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். ஒவ்வொரு ஈற்றுக்கும் என்ன வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு காத்திருப்பது இருக்கிறதே, அது ஒரு தனி வேதனை.

முதல் வருடம் எங்களிடம் ஜோடி வாங்கிப் போனவர்களில் கெங்கவல்லிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆடுகள் நன்றாக இருக்கவும், மறுபடி வந்து இரண்டு குட்டிகள் கேட்டாள். நாங்கள் தயங்கினோம். பார்வைக்குத் தெளிவாக இருந்த இரண்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். ஒரு வருடம் கழித்து அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினாள். இரண்டும் முழங்கால் உயரம்கூட வளரவில்லை. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். “உங்களை நம்பித்தானேக்கா வந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு இனப்பெருக்கத்துக்கென்று ஆடு கேட்டு எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. மேச்சேரிச் செம்மறிகளைக் கோடையில் தீவனச் செலவுக்காகவே விற்றோம்.

கிடாவுக்கு நான்கு வயதானபோது பங்காளிகள் ஒருவழியாகச் சமாதானம் ஆனார்கள். பரிவட்டத்தை ஒரே நேரத்தில் இரண்டு தலைக்குக் கட்டுவது என்று முடிவு. இதை முதலிலேயே செய்திருக்கலாம். சித்திரையில் நோம்பி சாட்டினார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று என் கணவர் நெடுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார். “இது முடியட்டும் புள்ள. அப்புறம் புதுசாக் கெடா வாங்கி மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கலாம்” என்றார். எனக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கிடாவை வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று குளிப்பாட்டினேன். நான் வளர்த்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் கிடாவை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உலுப்ப வேண்டும். ‘துலுக்கிருச்சு’ என்பார்கள். துலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். துலுக்காவிட்டால் வெட்டக் கூடாது.

வரிசையாகக் கிடாக்களை நிறுத்தினார்கள். தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றும் சிலிர்த்து உலுப்பியது. எங்கள் முறை வந்தது. பூசாரி முதுகில் தெளித்தார். எங்கள் கிடா அசையவில்லை. காதில் தெளித்தார். அசையவில்லை. ஒரு சொம்பு நிறைய எடுத்துத் தலையிலிருந்து ஊற்றினார். அது கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொடுத்தது.

கூட்டத்தில் ஒருவர், “கெடா குளிக்க வந்திருக்குதுங்க பூசாரி. சீயக்காய் போட்டுத் தேய்ச்சு உடுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கழுத்தை நீட்டிய அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்து நான் தாடைக்கு அடியில் மஞ்சள் தடவுவேன். அதற்காகத்தான் நீட்டுகிறது. இத்தனை வெள்ளிக்கிழமைகளாக நானே அதற்குத் தண்ணீரைப் பழக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே.

“மனசுல ஏதாச்சுங் கொறை இருந்தாச் சொல்லிக் கும்புட்டுக்கங்க” என்றார் பூசாரி. என் கணவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மச்சாண்டாரும் வந்து, பரிவட்டம் கட்டிய தலையோடு விழுந்தார். நான் கைகூப்பி நின்றேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே போய், வாரா வாரம் நான்தான் குளிப்பாட்டினேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மறுபடி ஊற்றினார்கள். கிடா நின்றது. கூட்டத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“சாமி இப்ப வேண்டாங்குதுங்க. அடுத்த நோம்பிக்குப் பாத்துக்கலாம்” என்று பூசாரி கயிற்றை என் கணவர் கையில் கொடுத்தார். கயிற்றை வாங்கிய அவர் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் வெளியே வந்து கைவிரித்தால் மனிதர்கள் எப்படி நிற்பார்கள் என்பதைக் கிளினிக்கில் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். வெள்ளிக்கிழமைக் குளியலை, அது தண்ணீருக்குப் பழகியதை, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். இது தெய்வக் குற்றம் இல்லை, வெறும் பழக்கம் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுதல் அடைவார் என்று எதிர்பார்த்தேன்.

“அப்பொ நீ கேட்டு வாங்குன உசுருக்கு ஈடெ நீயே குடுக்க உடாமப் பண்ணிட்டியா?” என்றார். கோபமே இல்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். எழுந்து போகும்போது, “இனிமே அதும்மேல தண்ணி ஊத்தாதே” என்றார்.

புதுக் கிடா வாங்கும் பேச்சு அதோடு நின்றது. அவர் கொட்டகைப் பக்கம் வேலைக்கென்று வருவதில்லை. ஆட்டையாம்பட்டிக்குச் சாமான் வாங்கக்கூட வண்டி ஏற மாட்டார். “ரோட்டுல போகாட்டி என்ன” என்பார். ஆடியில் சேலத்திலிருந்து ஆட்டு வியாபாரி பாயை வரச்சொன்னேன். இன்னும் ஈனாத மூட்டுக்குட்டி முதல் முதிர்ந்த ஆடு வரை எல்லாம் கறி விலைக்கு. பாய் ஒவ்வொன்றாகப் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி வண்டியில் ஏற்றினார். நடுவில் சுவரைப் பார்த்து நின்று, சாக்பீஸ் எழுத்தை வாய்விட்டுப் படித்தார்.

“யாருக்கா எழுதுனது? அச்சு மாதிரி இருக்கு.”

“நாந்தான் பாய்.”

அவர் என்னைப் பார்த்தார், ஏற்றிய ஆடுகளைப் பார்த்தார். கிடாவிடம் போய் அதன் நெற்றியைச் சொறிந்து கொடுத்தார். “இவரெ நான் கேக்க மாட்டேன்க்கா. பெரியவங்க சொத்து” என்றார். வழக்கப்படி விற்ற ஆடுகளின் கயிறுகளை அவிழ்த்து எங்களிடமே கொடுத்துவிட்டு, தன் கயிற்றில் கட்டிக் கொண்டுபோனார். அந்தக் கயிறுகள் கொட்டகை விட்டத்தில் தொங்குகின்றன. கீழே ஒரே ஒரு கிடா.

அது இன்றும் வெள்ளிக்கிழமை காலையில் குழாயடிக்கு வந்து நிற்கிறது. நான் குழாயைத் திறப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

போன ஐப்பசியில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கிடா காட்டுக்கு நடுவில் நின்றிருந்தது. என் கணவர் ஒரு தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினார். தண்ணீருக்கு அது மறுபடி பழகிவிடக் கூடாது என்று அவருக்குப் பயம். அதன் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே கொட்டகைக்கு நடத்தி வந்தார். கிடா ஒரு சொட்டுப் படாமல் காய்ந்திருந்தது. அவர் முழுக்க நனைந்துவிட்டார். கொட்டகைக்குள் வந்து நின்றதும், குளிரில் அவர் உடம்பு தலையிலிருந்து கால்வரை ஒருமுறை சிலிர்த்து உலுப்பியது.

துண்டு எடுத்து வந்த நான், ‘துலுக்கிருச்சு’ என்று யாரோ சொன்னது போல, வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. கிடாவின் காதுக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓமலூர் வளைவில் அவரை எழுப்பிவிடும்படிதான் கேட்டேன். அவர் எழுந்துவிட்டார் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது மழை வரும்போதெல்லாம் அது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.